பல்லாங்குழியும் கைபேசியும்: எல்லா மாணவருக்குமான புள்ளியியல் பாடம்

நீங்கள் கல்லூரி மாணவரா? ஆசிரியரா? இல்லை, வீட்டில் பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? யாராக இருந்தாலும் இந்தப் பாடத்தில் கலந்துகொள்ளலாம். கைபேசியை எடுத்துக்கோங்க. பரணில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் அதையும் இறக்குங்க. இல்லையா, ஏழு கிண்ணம் போதும். கூடவே ஒன்பது புளியங்கொட்டை.

வணிகவியல், பொருளியல், உளவியல் என்று எதை எடுத்துப் படித்தாலும் புள்ளியியல் தாள் ஒன்று வந்து நிற்கும். அந்த வகுப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இதுதான்: "போர்டைப் பாருங்க, கோடு எப்படி ஏறுதுன்னு தெரியுதா?" பார்வையற்ற மாணவருக்கு அந்த நொடியே பாடம் அறுந்துவிடும். பிறகு யாராவது வந்து, "வரைபடக் கேள்வியை விட்டுடுப்பா, மத்ததை எழுது" என்று ஆறுதல் சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வரைபடத்தை விட்டவர் தரவின் வடிவத்தையே விடுகிறார். மேற்படிப்பு, ஆய்வு என்று போகும்போது அந்த ஓட்டை பெரிதாகிவிடும்.

சரி, பாடத்துக்கு வருவோம். ஒரு இ-சேவை மையத்தில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். காத்திருந்த நிமிடங்கள்: 5, 6, 7, 8, 8, 9, 10, 12, 61.

பலகையில் ஒரு வரிசைக்கு ஏழு குழி. முதல் குழி 0 முதல் 9 நிமிடம், இரண்டாவது 10 முதல் 19, இப்படியே ஏழாவது குழி 60 முதல் 69. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கொட்டையை அவரவர் குழியில் போடுங்க. இப்போது கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாக விரலை ஓட்டுங்க. முதல் குழியில் ஆறு கொட்டை குவிந்து கிடக்கும். அடுத்ததில் இரண்டு. அப்புறம் நான்கு குழி வெறுமை. கடைசிக் குழியில் ஒற்றைக் கொட்டை, தன்னந்தனியாக.

நீங்கள் இப்போது தொட்டுப் படித்தது ஒரு நிகழ்வெண் வரைபடம். பாடப்புத்தகம் 'வலப்பக்கக் கோட்டம்' என்று சொல்வது அந்த நான்கு வெறுங்குழியும் கடைசிக் கொட்டையும்தான். கண் தெரிந்த பிள்ளைகளுக்கும் இது புத்தகப் படத்தைவிடச் சட்டென்று பிடிபடும். பாட்டி விளையாடிய பலகைக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று யார் நினைத்தது!

அடுத்தது இடைநிலை. ஒன்பது மாணவர்கள் ஆளுக்கொரு எண்ணாக வரிசையில் இருக்கட்டும். சின்ன எண் ஒரு முனையில், பெரிய எண் மறுமுனையில். இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொருவர் தன் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு விலகணும். 5-ம் 61-ம் போகும், 6-ம் 12-ம் போகும். கடைசியில் மிஞ்சி இருப்பவர் 8. அதுதான் இடைநிலை. சக்கர நாற்காலியில் வரும் மாணவரும் இதில் சேரலாம். இடம் போதாவிட்டால் வகுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காது கேளாத மாணவர் இருந்தால் எண்ணைச் சொல்வதோடு விரலாலும் காட்டுங்க.

சராசரிக்குக் கைபேசிக்குப் போவோம். கூகுள் ஷீட்ஸில் ஒன்பது எண்ணையும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தட்டுங்க. சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் 'ஆவரேஜ்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் முதல் கட்டத்திலிருந்து ஒன்பதாவது கட்டம் வரை கொடுங்க. விடை 14. 'மீடியன்' என்று மாற்றினால் 8. ஒன்பது பேரில் எட்டுப் பேர் 14 நிமிடத்துக்கும் குறைவாகத்தான் காத்திருந்தார்கள். அப்படியிருக்க "சராசரிக் காத்திருப்பு 14 நிமிடம்" என்று பலகையில் எழுதினால் கணக்கு சரி, ஆனால் கேட்பவருக்குப் போய்ச்சேரும் செய்தி வேறு. 61-ஐ எடுத்துவிட்டால் சராசரி 8.1-க்கு இறங்கிவிடும். இடைநிலை அதே 8. ஆனால் அந்த 61-ஐச் சும்மா தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஏன் அவர் மட்டும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்? சரிவுப் பாதை இல்லையா, கைரேகை பதியவில்லையா என்று போய்க் கேட்கணும்.

பார்வையற்றவர் இதையெல்லாம் கைபேசியில் எப்படிச் செய்வார் என்கிறீர்களா? ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதிக்குப் போய் இயக்கினால், விரல் படும் கட்டத்தை வாசித்துச் சொல்லும். கணினிக்கு 'என்.வி.டி.ஏ.' இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழையும் வாசிக்கும்.

கொஞ்சம் மேலே போக நினைப்பவர்களுக்கு 'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கட்டளையைத் தட்டினால் விடை எழுத்தாக வருவதால் திரைவாசிப்பானோடு ஒத்துப்போகும். அதே நாட்டின் மாஸி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஜொனாதன் காட்ஃப்ரே பார்வையற்றவர். அவர் 'பிரெயில்ஆர்' என்ற துணைத்தொகுப்பை உருவாக்கினார். வரைபடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது எழுத்தில் விவரித்துவிடும்.

ஆசிரியர்களிடம் ஒரு சின்னச் சண்டை போடணும். போர்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே, திரைவாசிப்பானுக்கு அது பெரும்பாலும் வெறும் 'படம்'. அதே எண்களைத் தட்டச்சு செய்து அட்டவணையாக அனுப்ப ஐந்து நிமிடம் ஆகுமா? வரைபடம் அனுப்பியே ஆகணும் என்றால் கீழே நான்கு வரி சேருங்க: எந்த அச்சில் என்ன இருக்கிறது, எண்கள் எதிலிருந்து எதுவரை, எங்கே குவிகிறது, எது ஒதுங்கி நிற்கிறது. "சிவப்புக் கோடு, பச்சைக் கோடு" என்று மட்டும் சொன்னால் நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். ஒன்றைப் புள்ளிக்கோடாகப் போடுங்க. போர்டைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினால், உதட்டசைவைப் படிக்கும் மாணவருக்கு எதுவும் கிடைக்காது.

மாணவர்களே, பெற்றோர்களே, இது யாரும் இரக்கப்பட்டுத் தருவது இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கல்லூரிகளுக்கு இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. மத்திய அரசு வழிகாட்டுதல்படி, எழுத உதவியாளர் தேவைப்படுவோருக்குத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். தனித்துவ அடையாள அட்டைக்கு, அதாவது யு.டி.ஐ.டி. அட்டைக்கு, கைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. பருவம் தொடங்கும்போதே கல்லூரியில் எழுத்து மூலம் கேட்டு, நகல் வைத்துக்கோங்க. தேர்வுக்கு முதல் நாள் போய் நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். அந்த 61, உண்மையில் 16-ஐத் திருப்பித் தட்டிய பிழை என்று பிறகு தெரியவருகிறது. சராசரி எவ்வளவு, இடைநிலை எவ்வளவு? பேனாவைத் தொடும் முன்னால் ஏழாவது குழிக் கொட்டையை இரண்டாவது குழிக்கு நகர்த்தி, விரலை ஓட்டிப் பாருங்க. விடை: 9, 8.