பின்சுவரை இடிக்கலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு எங்களுடையது. கொல்லையில் தென்னை, அதற்கப்பால் வயல். கூடத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் தெரிவதில்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பின்சுவரை இடித்து அகலமான கண்ணாடிக் கதவு வைத்து, முற்றத்தைக் கூரை போட்டு மூடிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். காவிரிக் கரைத் தெருவீடுகளில் பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும். அதில் ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால்தான் வாசல், ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ஒரே நேராகக் கட்டினார்கள். சூடேறிய காற்று முற்றம் வழியே மேலேறும். அந்த இடத்துக்கு வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று வரும். வெளிச்சத்துக்கும் முற்றம்தான். முற்றம் திறந்திருந்தும் கூடம் இருண்டு கிடக்கிறதென்றால், பிற்காலத்தில் கொல்லைப்புறம் ஒட்டிக் கட்டிய குளியலறையோ கொட்டகையோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். முதலில் அதை எடுங்கள். (ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்றச் சொல்லுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.) பிறகு கொல்லைக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள், தென்னை தெரியும்.

அப்படியானால் கண்ணாடியால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். பின்சுவர் கைமரங்களின் பாரத்தைத் தாங்குவது. மண்சாந்தில் கட்டிய செங்கல், சுவர் நெடுகப் பரவி விழும் பாரத்தைத்தான் தாங்கும். பத்தடி திறந்து மேலே பீம் போட்டால் அத்தனை பாரமும் இரண்டு முனைகளில் இறங்கும். விரிசல் அங்கேதான் விடும். பின்பக்கம் மேற்கானால் சாயங்கால வெயிலும் கூடத்துக்குள் வந்துவிடும். இருக்கிற கதவைக் கொஞ்சம் அகலப்படுத்தி, வெளியே ஆறடிக்குத் தாழ்வாரம் இறக்கி, அதன் கீழே ஒரு திண்ணை போடுங்கள். வயலைப் பார்க்க அதைவிட நல்ல இடம் அமையாது.

அடிச்சுவரில் உப்புப் பூத்துக் காரை பொரிந்திருந்தால், கொத்தனார் சிமென்ட் பூசலாம் என்பார். சம்மதிக்காதீர்கள். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும், ஈரம் இன்னும் மேலேறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேல் பொரியும். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், காய நாளாகும் என்பதெல்லாம் உண்மைதான். வீடு முழுவதற்கும் வேண்டாம், ஈரம் ஏறும் இடங்களுக்கு மட்டும் செய்தால் போதும்.

முற்றம் திறந்திருந்தால் திருடன், குரங்கு, கொசு என்ற பயம் நியாயமானது. கம்பி அடித்து, கழற்றி மாட்டும்படி வலைச் சட்டம் போடுங்கள். கொசு தேங்கிய தண்ணீரில்தான் பெருகும். முற்றத்துத் தூம்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் சடங்குக்கு ஒரு குழி தோண்டினார்கள். உங்கள் வீட்டில் தூம்பைச் சுத்தம் செய்து, முற்றத்து நீரைச் சுவரை விட்டுத் தள்ளி, கொல்லை வாழைக்குப் போகவிட்டாலே போதும். வேலையைத் தை பிறந்ததும் தொடங்குங்கள். அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே ஒழுகுகிறது, எங்கே தேங்குகிறது என்று சுவரிலேயே கரிக்கட்டியால் குறித்து வையுங்கள்.