அப்பாவை மீட்போம்

ராஜபாளையத்து நூற்பாலைகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறிகளிலும் பாடுபட்டுப் பெற்ற கூலி, சில வீடுகளில் சம்பள நாளன்றே குடியில் கரைந்துவிடுகிறது. வெட்கத்தால் அதை மறைக்கிறோம். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மில்லுக்குச் சொல்லி அனுப்புகிறோம். அவர் பட்ட கடனை அம்மா நகையை அடகு வைத்து அடைக்கிறார். அன்பினால் செய்யும் இவையே அவருடைய குடிக்குத் துணையாகிவிடுகின்றன.

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் இந்நோய்க்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு.

ஆகவே, அவர் போதையிலிருக்கும்போது வாதாடாதீர்கள். தெளிந்திருக்கும் காலை வேளையில், அவர் மதிக்கும் பெரியப்பாவோ மாமாவோ உடனிருக்க, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "அப்பா, நேற்று ராத்திரி தம்பி பயந்து அழுதான். இன்றைக்கே டாக்டரைப் பார்த்து வருவோமா?" சம்மதித்தால் தாமதியாமல் அழைத்துச் செல்லுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் துணை அவசியம். மறுத்தால், மற்றொரு நாள் மீண்டும் கேளுங்கள்.

அவர் குடிப்பது உங்கள் குற்றமன்று. இப்பாரத்தைத் தனியே சுமக்காமல், ஆசிரியையிடமோ சிஸ்டரிடமோ மனம் திறந்து சொல்லுங்கள்.