கல் எங்கே என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அரிசோனா பாலைவனப் பள்ளத்தின் விளிம்பில் நின்று நீ எழுதிய கடிதம் வந்தது. “குழி மட்டும்தான் இருக்கிறது, கல் எங்கே ஐயா? தோண்டி எடுத்துவிட்டார்களா?” என்று கேட்டிருக்கிறாய். சேற்றில் விழுந்த கல் சேற்றுக்குள் கிடப்பதுபோல விண்கல்லும் கிடக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான், உன்மேல் கோபமில்லை.

அந்த நம்பிக்கையில் இரண்டு பெரியவர்கள் வழுக்கியிருக்கிறார்கள். 1891-இல் நிலவியலாளர் கில்பர்ட் அங்கே போனார். அடியில் இரும்பு இருந்தால் அசையவேண்டிய காந்த ஊசி அசையவில்லை. வெளியே குவிந்த பாறையையும் குழியின் கொள்ளளவையும் கணக்கிட்டார், இரண்டும் சமம். கல் புதைந்திருக்க இடமில்லை, ஆகவே பூமிக்குள் நீராவி வெடித்த குழி இது என்று 1896-இல் எழுதினார். அந்தக் கட்டுரையை இன்றும் எடுத்துப் படிக்கிறேன். அளந்ததில் குறையில்லை, முடிவுதான் தவறு.

சுரங்கப் பொறியாளர் பாரிஞ்சர் விண்கல்தான் என்றார், சரியாகச் சொன்னார். ஆனால் அந்த இரும்புக் கல் அடியில் இருக்கிறதென்று 1903 முதல் 1929 வரை துளையிட்டார். கல் 3 லட்சம் டன்தான், அதுவும் ஆவியாகியிருக்கும் என்று வானியலாளர் மோல்டன் அந்த ஆண்டு கணக்கிட்டுச் சொன்னார். சில நாட்களில் பாரிஞ்சர் மாரடைப்பில் இறந்தார். எதிரெதிரே நின்ற கில்பர்ட், பாரிஞ்சர் இருவருக்கும் எண்ணம் ஒன்றே: கல் விழுந்தால் கல் கிடக்கவேண்டும்!

நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வருவதைக் கல் என்று நினைக்காதே, வெடிகுண்டு என்று நினை. சாய்வாக வந்தாலும் பள்ளம் வட்டமாவது அதனால்தான். சுமார் 50 மீட்டர் அகல இரும்புக் கல், 50,000 ஆண்டுகளுக்கு முன் 1.2 கிலோமீட்டர் அகலக் குழியைப் பறித்தது. சிதறிய துண்டுகள் சுற்றுவெளியெங்கும் கிடைத்தன.

நிலவியலாளர் ஷூமேக்கர் நெவாடாவில் அணுகுண்டுச் சோதனைக் குழிகளைப் பார்த்தவர். அங்கும் அரிசோனாப் பள்ளத்திலும் விளிம்புப் பாறை ஒரேமாதிரி கவிழ்ந்திருப்பதைக் கண்டார். 1960-இல் அரிசோனாப் பள்ளத்தில் கோயசைட்டும் கிடைத்தது. கடும் அழுத்தத்தில் குவார்ட்ஸ் மாறி உண்டாகும் கனிமம் அது. அதுவரை ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருந்தது. எனக்கு மட்டும் கோயசைட்டைவிட அந்த விளிம்புதான் பெரிய சாட்சி. அதைக் காண நுண்ணோக்கி வேண்டாம், கண் போதும்.

சமவெளியில் சிவப்புப் பாறை மேலே, வெளிர்மஞ்சள் சுண்ணாம்புப் பாறை கீழே. விளிம்பில் வரிசை தலைகீழ்: சிவப்பின்மேல் மஞ்சள், அதற்கும் மேல் வெள்ளை மணற்பாறை. ஊர் திரும்புமுன் வழிகாட்டியுடன் விளிம்பில் நட. அந்த மூன்று நிறங்களும் தெரிய ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்