முதுமைக் காலத்துச் சோற்றுக்கு யார் பொறுப்பு?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நாம் வெளியே வரும்பொழுது, பள்ளிவாசல் வாயிலில் சில முதியவர்கள் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். ஈப்போவில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. சிலர் நம் கடை வாசலுக்கே வருவார்கள். கல்லாவிலிருந்து ஒரு வெள்ளியோ இரண்டு வெள்ளியோ எடுத்துக் கொடுக்கிறோம்; பொட்டலம் சோறும் கட்டிக் கொடுக்கிறோம். தருமம் செய்வது நன்மையே. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால், அந்தக் கையை நீட்டுகிறவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? ஒருவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இன்னொருவர் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினைந்து வயதில் கோப்பை கழுவ வந்து, முடி நரைக்கும்வரை அங்கேயே நின்றவர். இருவரும் சோம்பேறிகள் அல்லர். உழைத்த காலத்தில் அவர்கள் பெயரில் எழுதப்பட வேண்டியது எழுதப்படாமலோ, குறைவாக எழுதப்பட்டோ போனதால்தான் இன்று வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

உமர் (ரலி) காட்டிய வழி

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அபூ யூசுப், தமது ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீதி வழியே போகும்பொழுது, பார்வையிழந்த முதியவர் ஒருவர் யாசிப்பதைக் கண்டார்கள். விசாரித்தபொழுது அவர் யூதர் என்றும், வரியும் வறுமையும் முதுமையும் தம்மை அந்நிலைக்குக் கொண்டுவந்தன என்றும் தெரிந்தது. கலீபா அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அத்துடன் விட்டுவிடவில்லை. பைத்துல்மால் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவர் போன்றவர்களையும் கவனிக்கும்படி உத்தரவிட்டார்கள், வரியையும் நீக்கினார்கள். இளமையில் ஒருவரிடம் வாங்கிக்கொண்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கையில் இருந்ததை உடனே கொடுத்தது. இரண்டாவது, அந்த ஒருவருக்காக மட்டுமன்றி அவரைப் போன்ற எல்லோருக்காகவும் ஏற்பாடு செய்தது. மூன்றாவது, இதை இரக்கம் என்று சொல்லாமல் நீதி என்று சொன்னது. முதலாவதை நாம் செய்து வருகிறோம். மற்ற இரண்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

தோட்டத்து முதியவரின் கணக்கு

தோட்டத் தொழிலாளிக்கு அன்று நாட்கூலி. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். ஆகவே ஓய்வு பெறும் நாளில் வருமானமும் கூரையும் ஒன்றாகப் போயின.

ஊழியர் சேமநிதி என்னும் இ.பி.எப். இந்நாட்டில் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. ஆரம்பத்தில் தொழிலாளி நூற்றுக்கு ஐந்தும், முதலாளி நூற்றுக்கு ஐந்தும் கட்டினார்கள். ஏற்பாடு நல்லது. ஆனால் கூலி சிறியதானால் சேமிப்பும் சிறியதே. ஒரு பேச்சுக்கு, நாளைக்கு மூன்று வெள்ளி வீதம் மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். கூலி 72 வெள்ளி. சேமநிதிக்குச் சேருவது 7 வெள்ளி 20 காசு. பத்து வருஷம் கட்டினாலும் அசல் 864 வெள்ளிதான். அது மகள் கலியாணத்துக்குப் போதாது. இருபது வருஷ முதுமைக்கு எப்படிப் போதும்?

இதற்கிடையில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அந்தத் துண்டாடலுக்கு மாற்றாகத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர்களின் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கச் செய்தார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்து ஜனங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 1969 ஆம் ஆண்டில் பிரஜாவுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. அநேகர் இந்தியாவுக்குத் திரும்பினர். தங்கிவிட்டவர்களில் சிலர் சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமையை அடைந்தார்கள். அந்த நிறம் எவ்வளவு பெரிய தடை என்பதைக் கீழே காண்போம்.

சர்க்கார் உதவி எவ்வளவு?

பென்ஷன் என்று நாம் பொதுவாகப் பேசுகிறோம். மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் இந்நாட்டில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு உரியது. தோட்டத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் உள்ளது சேமநிதி மட்டுமே. அதுவும் 55 வயதில் மொத்தமாக எடுத்துவிடக் கூடிய பணம். எடுத்தது கடனுக்கும் கலியாணத்துக்கும் வீட்டு ரிப்பேருக்கும் போய்விடுகிறது. கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சர்க்கார் அனுமதித்த சிறப்பு மீட்புகளில் உறுப்பினர்கள் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. அன்றைய பசிக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் எடுத்தவர்கள் தம் முதுமையின் சோற்றிலிருந்து எடுத்தார்கள்.

சேமிப்பும் இல்லாமல், தாங்கும் பிள்ளைகளும் இல்லாமல் இருப்பவர்களுக்குச் சமூகநல இலாகா ‘பந்துவான் வார்கா எமாஸ்’ என்னும் முதியோர் உதவித்தொகை வழங்குகிறது. 60 வயது நிரம்பிய பிரஜைகளுக்கு, வறுமையை விசாரித்துக் கொடுப்பது. 2021 முதல் மாதம் 500 வெள்ளியாக இருந்தது. 2025 ஜனவரி முதல் 600 வெள்ளி. நாளொன்றுக்கு இருபது வெள்ளி. அதில் அறை வாடகை, மருந்து, பஸ் கட்டணம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்துக்கான வறுமைக் கோட்டு வருமானம் 2,589 வெள்ளி என்று சர்க்காரே கணக்கிட்டது. குடும்பத்தையும் தனியாளையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும் அந்தத் தொகையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத உதவி, ஒருவர் தனித்து ஜீவிக்கப் போதாது என்பது தெளிவு. முற்றிலும் ஆதரவற்றவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தானில் உள்ளது போன்ற சர்க்கார் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன.

இந்த 600 வெள்ளியும் கேட்டவர்க்கே கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர், பாரம் நிரப்பத் தெரியாதவர், இலாகா எங்கே இருக்கிறது என்று அறியாதவர் கேட்பதில்லை. சிவப்பு அட்டைக்காரர் கேட்டாலும், பிரஜை அல்ல என்று திருப்பப்படுகிறார்.

மற்ற இடங்களையும் சற்றுப் பார்ப்போம். நம் முன்னோர் ஊரான தமிழ்நாட்டில் 1962 ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயுடன் முதியோர் உதவி ஆரம்பமாயிற்று. 2023 இல் அது 1,200 ரூபாய் ஆக்கப்பட்டது. அதுவும் ஏழைகளை விசாரித்தே கொடுக்கப்படுகிறது. நம்மைப் போலவே தமிழர் கரும்புத் தோட்டங்களுக்குப் போன மொரீஷியஸ் தீவிலோ, 1950 இல் ஏழைகளுக்காக ஏற்பட்ட முதியோர் பென்ஷன் 1958 இல் வயது வந்த எல்லோருக்கும் என்று மாற்றப்பட்டது. அங்கே வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. வயதை நிரூபித்தால் போதும். அத்தகைய ஏற்பாடு இங்கும் வர வேண்டும் என்று கேட்பது நியாயமே. அது வரும்வரை நம் கையில் உள்ளதை நாம் செய்ய வேண்டும்.

நம் கடைப் பேரேடு

நம் கையில் இருப்பது எது? சம்பளப் பேரேடு. வியாபாரிகளாகிய நம்மில் அநேகர் முதலாளிகள். ஒரே ஒரு சிப்பந்தி இருந்தாலும் அவரைச் சேமநிதியில் பதிவது சட்டம். சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்க்கு முதலாளி நூற்றுக்கு 13. சிப்பந்தி நூற்றுக்கு 11.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு முதலாளி பங்கு 221, அவர் பங்கு 187, ஆக மாதம் 408 வெள்ளி சேர்கிறது. வருஷத்துக்கு 4,896. முப்பது வருஷத்தில் அசல் மட்டும் 1,46,880. சட்டம் உறுதியளிக்கும் மிகக் குறைந்த ஈவான இரண்டரை சதவிகிதம் மட்டுமே கிடைத்தாலும் அது இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதை 20 வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 890 வெள்ளிக்குக் குறையாது. பெரிய வாழ்வு அல்லதான். ஆனால் கை நீட்டாத வாழ்வு. இதில் முதலாளியின் பங்கு நாளைக்கு ஏழு வெள்ளி சொச்சம், அதாவது மூன்று நான்கு கோப்பை தே தாரிக் விற்ற காசு.

சிலர் சொல்லும் சமாதானங்களும் உண்டு. “சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கிறோமே” என்பார்கள். உண்மை, பல கடைகளில் சிப்பந்தியை வீட்டுப் பிள்ளை போலவே வைத்திருக்கிறார்கள். ஆனால் கடை கைமாறினால், முதலாளி மவுத்தானால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த வேளைச் சோறு யார் போடுவார்? “அவரே பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்கிறார்” என்பார்கள். இருபது வயதுக்காரர் அப்படித்தான் கேட்பார். அறுபது வயதில் அவர் என்ன கேட்பார் என்பதை யோசித்துச் சொல்வது மூத்தவர் கடமை. மேலும், இருவரும் சம்மதித்தாலும் சட்டம் இதை ஏற்காது. தம் பங்கைச் சிப்பந்தியின் சம்பளத்திலேயே கழிப்பதும் குற்றமே.

ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்து நம் கடைகளில் வேலை செய்வோருக்கும் 2025 அக்டோபர் சம்பளம் முதல் முதலாளி நூற்றுக்கு இரண்டு, தொழிலாளி நூற்றுக்கு இரண்டு என்று சேமநிதி கட்டாயமாகிவிட்டது. அதையும் மறக்கலாகாது.

சேமநிதியுடன் சொக்சோவையும் கட்ட வேண்டும். 1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட இத்திட்டத்தில், நோயால் வேலை செய்ய இயலாமற்போகும் தொழிலாளிக்கு, கட்டிய காலம் போதுமானதாக இருந்தால், ஆயுள் முழுதும் பென்ஷன் உண்டு. அவர் இறந்தால் மனைவிக்கும் உண்டு. பெயர் பதியாத முதலாளி, ஒரு விதவையின் மாதச் சோற்றைத் தடுத்தவர் ஆகிறார்.

முதலாளியும் முதுமை அடைவார்

கடைதான் பென்ஷன் என்று நாம் நம்பி இருக்கிறோம். பேரங்காடிகள் வந்தபின் எத்தனை மளிகைக் கடைகள் மூடப்பட்டன என்று நமக்கே தெரியும். பிள்ளைகள் படித்து வேறு ஊர் போய்விட்டார்கள். ஆகவே சொந்தத் தொழில் செய்வோர் சேமநிதியின் ‘இ-சாரான்’ திட்டத்தில் சேரலாம். 60 வயதுக்கு உட்பட்டவர் கட்டும் தொகைக்கு, 2025 முதல், சர்க்கார் நூற்றுக்கு இருபது வீதம், வருஷத்துக்கு 500 வெள்ளி வரை சேர்த்துத் தருகிறது. ஆயுளுக்கு 5,000 வெள்ளி வரை. வட்டி பற்றித் தயங்குவோருக்கு 2017 முதல் ஷரீஅத் சேமிப்பு முறையும் உண்டு. சேமநிதியில் நாமினி பெயரையும் குறித்து வைக்க வேண்டும். முஸ்லிம் உறுப்பினருக்கு அந்த நாமினி வஸீ மட்டுமே. பணத்தைப் பாராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் கடமை. இதை வீட்டாருக்கு இப்பொழுதே விளக்கி வைப்பது, பின்னால் வரும் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

நாம் செய்யத்தக்கவை

1. இந்த மாதமே சம்பளப் பேரேட்டை எடுத்து, பதியாத சிப்பந்தி ஒருவரேனும் உண்டா என்று பார்த்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

2. நம்மிடம் உழைத்து மூப்படைந்து, சேமநிதி இல்லாமல் நிற்பவர்களுக்கு, விடுபட்டதற்கு ஈடாக மாதம் ஒரு தொகையை நாமே ஏற்படுத்த வேண்டும். அதை ஸதகா என்று எழுத வேண்டாம். கடன் என்று எழுதுவோம்.

3. ஜமாஅத்திலும் சங்கத்திலும் பாரம் நிரப்பத் தெரிந்த இளைஞர் இருவரை நியமித்து, முதியவர்களை மாவட்டச் சமூகநல இலாகாவுக்கு அழைத்துச் செல்லச் சொல்ல வேண்டும். ஏழை முஸ்லிம்களுக்கு மாநில ஜகாத் நிதியும் இருக்கிறது. தோட்டத்து ஹிந்து முதியவருக்கும் கிறிஸ்தவ முதியவருக்கும் சர்க்கார் உதவி கிடைக்க நாம் துணை நிற்பதே, உமர் (ரலி) அவர்கள் யூத முதியவரிடம் காட்டிய முன்மாதிரிக்கு ஏற்றது.

4. சிவப்பு அட்டைக்காரர்களின் பிரஜாவுரிமை விண்ணப்பங்களுக்கு, அவர்களை நெடுங்காலம் அறிந்த வியாபாரிகள் முன்வந்து உதவ வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த முதியவரிடம் வழக்கமான வெள்ளியைக் கொடுக்கும்பொழுது, பக்கத்தில் சற்று உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். ஐயா, உங்கள் வயது என்ன? எங்கே வேலை செய்தீர்கள்? அடையாள அட்டை நீலமா, சிவப்பா? உதவித்தொகைக்கு எழுதிப் போட்டீர்களா? அவர் சொல்லும் பதில்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்து சங்கச் செயலாளரிடம் சேர்ப்பியுங்கள். வல்ல இறைவன் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக.