கிறிஸ்துமஸ் பரிசு: குடும்ப காலண்டரை நீங்களே தயாரிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதனுடன் ஒரு பிரிண்டரும் வாங்குகிறார்கள். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு நாலு பக்கம் அச்சடிப்பதோடு சரி. மீதி நாட்களில் அது துணி போர்த்திக் கொண்டு உட்கார்ந்திருக்கும். டிசம்பர் மாதம் அதற்கு நல்ல வேலை கொடுக்கலாம். உறவினர், நண்பர், அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் என எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் பரிசை வீட்டிலேயே செய்து விடலாம்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலில் இருக்கிறேன். இங்கிருந்து ஒவ்வோர் ஆண்டும் மூன்று வகைப் பரிசுகளைச் செய்கிறேன். உறவினர்களுக்கு மேசைக் காலண்டர், நண்பர்களுக்கு வாழ்த்து அட்டை, அலுவலகத்தில் உள்ளவர்களுக்குப் புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டை. இவற்றில் காலண்டர்தான் பெரிய வேலை. அதைக் கற்றுக் கொண்டால் மற்ற இரண்டும் தானாக வந்து விடும்.

என்னென்ன தேவை?

லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள ரைட்டர் போதும். இது இலவசம். வேர்ட் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம், மெனுக்களின் பெயர்கள் மட்டும் சற்று மாறும். படங்களை வெட்ட விண்டோஸுடன் வரும் பெயின்ட் போதும். தடித்த ஏ4 தாள்கள் வேண்டும். எவ்வளவு தடிமன் வரை உங்கள் பிரிண்டர் ஏற்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அதைப் பார்த்து விட்டுத் தாள் வாங்குங்கள்.

முதல் வேலை: தேதிகள்

கம்ப்யூட்டரை இயக்கும் முன் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுங்கள். குடும்பத்தில் உள்ளவர்களின் பிறந்த நாள், திருமண நாள், மறைந்தவர்களின் நினைவு நாள் ஆகியவற்றை எழுதுங்கள். அம்மாவிடமும் அத்தையிடமும் போன் செய்து கேளுங்கள். கடையில் விற்கும் காலண்டரில் இல்லாதது இதுதான். இந்தப் பட்டியல் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

பண்டிகைகளையும் குறித்துக் கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் என்றும் டிசம்பர் 25தான். ஈஸ்டர் ஆண்டுதோறும் மாறும். மேலைத் திருச்சபை வழக்கப்படி மார்ச் 22 முதல் ஏப்ரல் 25க்குள் ஒரு ஞாயிறன்று வரும். புனித வெள்ளி அதற்கு இரண்டு நாள் முன். ரம்ஜான் பிறை பார்த்து முடிவாவது. எனவே அதைப் பென்சிலால் எழுதிக் கொள்ள இடம் விடுங்கள். தீபாவளிக்கு அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

படங்கள்: ஒரு சிறிய கணக்கு

நமது காலண்டரின் ஒரு பக்கம் ஏ5 அளவு. அதாவது ஏ4 தாளில் பாதி: 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். மேல் பாதியில் படம், கீழ்ப் பாதியில் தேதிகள். இரு பக்கமும் 1 செ.மீ. விட்டால் படத்துக்கு 12.8 செ.மீ. அகலம் கிடைக்கும். இது ஏறத்தாழ 5 அங்குலம். உயரம் 8.5 செ.மீ. என வைத்துக் கொள்வோம்.

படம் தெளிவாக அச்சாக ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். இந்தப் புள்ளிகளைத்தான் பிக்சல் என்கிறோம். 5 அங்குலத்துக்கு 1500 பிக்சல். உயரத்துக்கு 1000 பிக்சல். இன்றைய செல்போன் கேமரா எதுவும் இதைத் தாராளமாகத் தரும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு விடும். எனவே, வெளியூரில் இருப்பவர்களிடம் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய படங்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். எங்கள் வீட்டு உதாரணத்தையே சொல்கிறேன். அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவருக்கு இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். அதையும் அப்பத்தா ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தார். ஓரம் மஞ்சளாகி, மூலையில் பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது. அந்தப் படத்தின் உயரம் 4.5 செ.மீ., அதாவது 1.77 அங்குலம். 300 அளவில் ஸ்கேன் செய்தால் உயரத்தில் 531 பிக்சல்தான் கிடைக்கும். நமக்குத் தேவை 1000. 600 அளவில் செய்தால் 1062 கிடைக்கும். ஆகவே 600 என வைத்து ஸ்கேன் செய்தேன். வீட்டில் ஸ்கேனர் இல்லாதவர்கள் கடையில் கொடுக்கும்போது, இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் செய்த படத்தை பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். 'சேவ் ஆஸ்' கட்டளை மூலம் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். மூலத்தை ஒரு பென் டிரைவிலும் வைத்துக் கொள்ளுங்கள்.

படம் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிப் போயிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய் விடும். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கண்ணாடியில் நிழல் தெரியாதபடி செல்போனில் படம் எடுங்கள்.

ஊர்ப் படங்களையும் சேர்க்கலாம். எனக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள். கீழே அறிவர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் ஓவியம். குடுமியான்மலையும் நார்த்தாமலையும் அதிக தூரமில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு ஊரின் குன்றே பெரிய பரிசு. பழைய ஓவியங்கள் உள்ள இடத்தில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று காவலரிடம் முதலில் கேளுங்கள். இன்டர்நெட்டில் கிடைக்கும் படங்களை எடுத்துப் போடாதீர்கள். அது வேறொருவரின் உழைப்பு. தவிர, பெரும்பாலும் அளவு போதாமல் அச்சில் மங்கி விடும்.

ஜனவரி மாதத்தைத் தயாரிப்போம்

1. ரைட்டரைத் திறந்து, ஃபார்மட் மெனுவில் பேஜ் ஸ்டைல் என்பதைக் கிளிக் செய்யுங்கள். பேஜ் டேபில் ஏ5 அளவைத் தேர்வு செய்யுங்கள். மேல் ஓரம் 1.5, மற்ற மூன்று ஓரங்கள் 1 செ.மீ. என அமையுங்கள். மேலே கூடுதல் இடம் ஸ்பைரல் போடுவதற்கு.

2. இன்செர்ட் மெனுவில் இமேஜ் கட்டளை மூலம் படத்தைக் கொண்டு வாருங்கள். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஆங்கர் என்பதில் 'ஆஸ் கேரக்டர்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். இனி படம் இடம் விட்டு ஓடாது.

3. என்டர் தட்டி மாதத்தின் பெயரைத் தமிழில் டைப் செய்யுங்கள். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். விண்டோஸில் உள்ள நிர்மலா போதும். பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் புரியாத குறிகளாகத் தெரியும்.

4. டேபிள் மெனுவில் இன்செர்ட் டேபிள் கிளிக் செய்து 7 காலம், 7 ரோ கொடுங்கள். முதல் வரிசை கிழமைகளுக்கு. மீதி 6 வரிசை எதற்கு? 31 நாள் உள்ள மாதம் வெள்ளி அல்லது சனியில் தொடங்கினால் ஆறு வாரங்கள் ஆகும். 2027 ஜனவரி அப்படித்தான் வெள்ளியில் தொடங்குகிறது. வரிசைகளின் உயரத்தை 1.1 செ.மீ. ஆக்குங்கள்.

5. திரையின் கீழ் மூலையில் உள்ள கடிகாரத்தைக் கிளிக் செய்தால் மாதக் காலண்டர் தோன்றும். அதைப் பார்த்துத் தேதிகளை டைப் செய்யுங்கள்.

6. நோட்டில் எழுதிய நாட்களைத் தேடி, தேதியின் கீழே சிறிய எழுத்தில் பெயரைச் சேருங்கள். கட்டத்தின் அகலம் 1.8 செ.மீ.தான். எனவே 'அத்தை', 'சித்தப்பா' என உறவுமுறையைச் சுருக்கமாக எழுதினால் அடங்கும். அந்தத் தேதியைச் சிவப்பாக்குங்கள்.

ஜனவரியைச் சேமித்த பின் 'சேவ் ஆஸ்' கொடுத்து பிப்ரவரி எனப் பெயரிடுங்கள். படத்தையும் தேதிகளையும் மாற்றுங்கள். இப்படியே டிசம்பர் வரை. ஒரு மாதம் பழகி விட்டால் மற்றவை வேகமாக ஓடும்.

அச்சடிக்கும் முன்

ஒவ்வொரு கோப்பையும் ஃபைல் மெனு வழியாக பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எழுத்துருவும் அதனுள்ளேயே அடங்கி விடுவதால் கடையில் கொடுத்தாலும் தமிழ் சிதையாது. ஒரு பக்கத்தைச் சாதாரணத் தாளில் அச்சடித்து, பெயர்களையும் தேதிகளையும் வீட்டில் இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டையுடன் 13 பக்கங்கள். ஏழு ஏ4 தாள்களை இரண்டாக வெட்டினால் போதும். பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் ஏ5 எனத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். இங்க்ஜெட் மை உடனே காயாது. தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் ஓர் இரவு விடுங்கள். பிறகு கடையில் ஸ்பைரல் போட்டு விடலாம்.

வாழ்த்து அட்டை

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843ல் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் கேட்டு, ஹார்ஸ்லி என்ற ஓவியர் வரைந்தார். நாமோ நம் வாசலில் இருந்தே படம் எடுக்கலாம். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். வீட்டில் கோலம் போடுபவரிடம் நட்சத்திரக் கோலம் ஒன்றைத் தாளில் கறுப்பு மையால் போட்டுத் தரச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள்.

பக்கத்தை ஏ4, லேண்ட்ஸ்கேப் எனவும், ஃபார்மட் மெனுவில் காலம்ஸ் இரண்டு எனவும் வையுங்கள். முதல் பக்கத்தின் வலது பாதிதான் அட்டையின் முகப்பு. இடது பாதி முதுகு. இரண்டாம் பக்கம் உள்ளே வரும். ஒரு பக்கம் அச்சான தாளை எப்படித் திருப்பி வைப்பது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். மூலையில் பென்சில் குறியிட்ட வெறும் தாளில் சோதித்துக் கொள்ளுங்கள். வாழ்த்தை மட்டும் அச்சடிக்காமல் கையால் எழுதுங்கள்.

அலுவலக நண்பர்களுக்கு

ஏ4 லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் 5 காலம், 1 ரோ உள்ள டேபிள். ஒவ்வொரு காலமும் 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். கோலத்தின் கீழே அவரவர் பெயரைத் தமிழில் போடுங்கள். ஒரு தாளில் ஐந்து பேருக்கு முடிந்தது. இருபது பேருக்கு நான்கு தாள். மேலே துளையிட்டு ஒரு நூல் கட்டினால் கடைப் பொருள் போலவே இருக்கும்.

சில குறிப்புகள்

• பக்கம் முழுவதும் அடர் நிறப் பின்னணி வைக்க வேண்டாம். மை விரைவில் தீர்ந்து விடும்.

• நவம்பர் இறுதியில் தேதி சேகரிக்கத் தொடங்குங்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் அச்சு முடிந்தால்தான் தபாலில் அனுப்ப நேரம் இருக்கும்.

• வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு பிடிஎஃப் அனுப்பி விடுங்கள். அங்கேயே அச்சடித்துக் கொள்ளலாம்.

எங்கள் ஐயாவின் படத்தை அவரது நினைவு நாள் வரும் மாதத்தில் போட்டு ஐந்து காலண்டர்கள் செய்தேன். ரேஷன் கார்டுக்குள் ஒன்றே ஒன்றாக இருந்த முகம் இப்போது ஐந்து வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு படம் இருக்கக் கூடும். இந்த டிசம்பரில் முதலில் அதைத் தேடி எடுங்கள்.