பழைய நெட்புக்கைத் தூக்கிப் போடாதீங்க

அக்காவின் பழைய நெட்புக் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்டெல் ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. சரி, லினக்ஸ் போடலாம்னு உட்கார்ந்தேன்.

முதலில் இறக்கியது 64 பிட். பூட் ஆகவே இல்லை! என்270 வெறும் 32 பிட் சிப். அதைப் பார்க்காமல் ஒரு ராத்திரி போச்சு. (இவரு பொறியியல் மாணவராம்!)

பிறகு 32 பிட் ஆன்டிஎக்ஸை பென்டிரைவில் ஏற்றினேன். இன்ஸ்டால் பண்ணாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை, ஒலி வேலை செய்யுதான்னு தெரிஞ்சிடும். வன்தட்டையும் அப்போதே திறந்து பாருங்க. இன்ஸ்டால் பண்ணும்போது அதை அழித்துவிட்டால் பழையது எதுவும் மிஞ்சாது.

நான் திறந்தபோது பெயரில்லாத ஒரு ஃபோல்டரில் தாத்தாவின் கடைசி தீபாவளிப் படங்கள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகுதான் இன்ஸ்டால் பட்டனை அழுத்தினேன்.