பன்னிரண்டு கட்டத்தில் ஒரு குத்து

பீட் செய்யப் புதிதாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பெரிய டிரம் ஒலித் தொகுப்பை இறக்கிக்கொள்வார்கள். அதில் எந்த ஒலி நன்றாக இருக்கிறது என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடும். நாம் ஒரே ஒரு பறையை வைத்துக் குத்து பீட் ஒன்றைச் செய்வோம். பதிவுக்குக் கைபேசி போதும். வெட்ட ஆடாசிட்டி, அடுக்க எல்எம்எம்எஸ், இரண்டும் இலவசம். எஃப்எல் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

வாசிக்கும் கலைஞரிடம் எதற்காகப் பதிகிறீர்கள் என்று சொல்லி, சம்மதமும் சன்மானமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பறையைத் தீயில் காய்ச்சிய கையோடு பதிவு தொடங்க வேண்டும். தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும். மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். ஆரம்பத்தில் எடுத்த அடியும் அரைமணி கழித்து எடுத்த அடியும் ஒன்றோடொன்று சேராது. கைபேசியைத் தோலுக்கு நேர் எதிரே வைக்காமல், ஒரு மீட்டர் தள்ளிச் சற்றுச் சாய்வாக வையுங்கள். இல்லையென்றால் ஒலி கிழியும். பதிவுச் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது அடியின் கூர்மையை மழுக்கிவிடும். கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும். எம்பி3 வேண்டாம், அது கோப்பின் தலையில் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும், லூப் இடறும்.

பறையின் இரண்டு குச்சிகளில் தடித்த அடிக்குச்சியால் நடுவில், விளிம்பில், மெலிந்த சிண்டுக்குச்சியால் தனியாக, தோலைக் கையால் அமுக்கிக்கொண்டு ஓர் அடி. ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று ஐந்தாறு முறை வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய அடியின் அதிர்வு முழுக்க அடங்கிய பிறகே அடுத்தது. ஒரே பதிவு அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும், அதற்காகத்தான் இத்தனை.

அடுத்தது வெட்டு. என்னைக் கேட்டால், பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். ஆடாசிட்டியில் அலையை நன்றாகப் பெரிதாக்கி, குச்சி தோலைத் தொடும் இடத்தைக் கண்ணால் பிடியுங்கள். அதற்கு முன்னால் 20 மில்லிவிநாடி மௌனம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீட் பின்னால் இழுக்கும். எல்லாம் சரியாகத்தானே வைத்தோம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அலை நடுக்கோட்டைக் கடக்காத இடத்தில் வெட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பகுதியைத் தேர்வு செய்து இசட் விசையை அழுத்தினால், வெட்டும் முனைகள் தாமாகக் கடக்கும் புள்ளிக்கு நகர்ந்துவிடும். முடிவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், கார்வை முழுக்க இருக்கட்டும். நடு அடி ஒன்றை நகலெடுத்து, வேகத்தைப் பாதியாக்கிச் சுருதியை ஒரு ஸ்தாயி இறக்கினால், பறையில் இல்லாத கனமான பாஸ் அடியும் கிடைத்துவிடும்.

சுருதியை இறக்கும் இந்த வித்தை புதிதல்ல. ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் இயந்திரமான சாம்ப்ளர்களில், 1987-இல் வந்த ஈமு எஸ்பி-1200-இல் மொத்தமே 10 விநாடி ஒலிதான் கொள்ளும். நியூயார்க் ஹிப்ஹாப் ஆட்கள் 33 சுற்று இசைத்தட்டை 45-இல் ஓட்டி வேகமாகப் பதிந்து, உள்ளே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடமும் மிச்சம், அதனால் வந்த கரகரப்பும் ஓர் அழகாகிப் போனது.

இப்போது அடுக்குவது. மென்பொருளைத் திறந்ததும் வரிசைக்கு 16 கட்டங்கள் தெரியும். 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் இயந்திரத்தின் காலத்திலிருந்து பழகிப்போன வடிவம் அது. ஒரு தட்டுக்கு நான்கு கட்டம். நம் குத்தோ ஒரு தட்டுக்கு மூன்றாக ஓடுவது. 16 கட்டத்தில் அதைத் திணித்தால் ஆடுகிறவர் கால் இடறும். ஆகவே தாள அமைப்பை 6/8 என்றும், வேகத்தை 90 என்றும் வைத்து, வரிசையை 12 கட்டமாகக் குறையுங்கள். மும்மூன்றாக எண்ணினால் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. மென்பொருள் 90 என்று காட்டும், உங்கள் கால் 120-இல் தட்டும். குழம்ப வேண்டாம், கணக்கு சரிதான்.

பாஸ் அடியை 1, 7-இல் வையுங்கள். அடிக்குச்சி நடு அடி 1, 4, 7, 10. சிண்டுக்குச்சி 3, 6, 9, 12. விளிம்பு அடி 4, 10. ஓடவிட்டுப் பாருங்கள், எலும்புக்கூடு கேட்கும். இனி 8, 11-இல் சிண்டுக்குச்சியை மிக மெல்ல நுழையுங்கள். உருட்டு பிறப்பது இந்த நடுக் கட்டங்களில்தான். 16 கட்டத்திலேயே, இரட்டைப்படைக் கட்டங்களைப் பின்னால் தள்ளும் ஸ்விங்கை 66 சதவீதத்துக்கு ஏற்றிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. நெடில் குறில் நடை வந்துவிடும்; ஆனால் மூன்றில் நடு அடிக்கு அங்கே இடமே கிடையாது.

அடியின் பலத்தைக் குறிக்கும் வெலாசிட்டி 1 முதல் 127 வரை. சிண்டுக்குச்சிக்கு 3-இல் 90, 6-இல் 60, 9-இல் 85, 12-இல் 105, நடுவில் நுழைத்தவற்றுக்கு 40 என்று தொடங்கலாம். மெல்லிய அடிக்கு மெதுவாக அடித்த பதிவையே போடுங்கள். பலமான அடியின் ஒலியளவைக் குறைத்தால் அது தூரத்தில் கேட்கும் பலமான அடியாகத்தான் இருக்கும். உங்கள் மென்பொருளில் சோக் குழு வசதி இருந்து, அமுக்கிய அடியையும் அதிரும் அடியையும் ஒரே குழுவில் வைத்தால், ஒன்று வந்ததும் மற்றது அடங்கும்.

குவான்டைஸ் என்பது அடிகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் வசதி. பாஸ் அடிக்கு அது இருக்கட்டும். சிண்டுக்குச்சியை விட்டுப்பிடித்து, 5 முதல் 15 மில்லிவிநாடி பின்னால் தள்ளிக் கேளுங்கள். டெட்ராய்ட்டின் ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா இப்படி அடிகளை வேண்டுமென்றே விலக்கி வைத்தே பெயர் பெற்றவர். அவருடைய எம்பிசி சாம்ப்ளர் இயந்திரம் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதன்மேல் பழைய சினிமாப் பாட்டின் துண்டு ஒன்றைப் போட ஆசை வரும். 'ஏழு விநாடிக்குள் எடுத்தால் பிரச்சினை இல்லை' என்று யாராவது சொல்வார்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. மெட்டுக்கும் வரிகளுக்கும் தனித்தனி உரிமை. வெளியிடப் போகிறீர்கள் என்றால் அனுமதி வாங்குங்கள், அல்லது நாதஸ்வரக்காரர் ஒருவரை அழைத்துப் புதிதாக ஒரு மெட்டை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள்.

ஒரு சுற்று 2 விநாடி. நான்கு சுற்று சேர்த்தால் 8 விநாடி லூப். ஏற்றுமதி செய்யும்போது எட்டோடு நிறுத்தினால் கடைசி அடியின் கார்வை அறுந்துவிடும், லூப் திரும்பும் இடம் மொட்டையாகக் கேட்கும். 16 விநாடி ஓடவிட்டுப் பதிந்து, இரண்டாவது 8 விநாடியை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் பாதியின் கார்வை அதன் தலையில் ஏற்கெனவே கலந்திருக்கும். கோப்பின் பெயரிலேயே வேகத்தையும் தாளத்தையும் எழுதிவிடுங்கள்: பறை, 90, 6/8.